நல்லாக் கீறேன் சார்

மாமாவை நினைக்கும்போதெல்லாம், அந்த நர்சிங் ஹோம் கட்டிலில் டாக்டரைக் கண்டதும் அவர் முழங்கையை ஊன்றி எழப் பார்த்ததுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. பாடியில் ஒரு தொழிற்சாலையில் காலமெல்லாம் உழைத்த மனிதர். அங்கே மேலதிகாரி வந்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், எழுந்து நின்று ஒரே பதில்தான் சொல்வார்கள். உடம்பு சரியில்லை என்று வாய்தவறிச் சொன்னவனின் மெஷினில் மறுநாள் வேறு ஆள் நிற்பான். அந்தப் பழக்கம், நெஞ்சுவலியோடு கிடந்தபோதும் அவரை விடவில்லை.

"நல்லாக் கீறேன் சார்," என்றார்.

டாக்டர் தலையாட்டிவிட்டுப் போனார். அன்று காலை அண்ணனூர் வீட்டிலிருந்து ஆட்டோவில் அவரை அழைத்துப் போனது அத்தையும் நானும்தான். ஈசிஜி எடுத்தார்கள். இதய டாக்டர் சாயங்காலம் வருவார், அதுவரை இருக்கட்டும் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள் என்று அத்தை கெஞ்சிக்கொண்டே இருந்தாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே மத்தியானம் கழிந்தது. வாசலில் ஆம்புலன்ஸ் சும்மாவே நின்றுகொண்டிருந்தது. ஒருவழியாக மனசு வந்து ஏற்றி அனுப்பினார்கள். முகப்பேர் தாண்டுவதற்குள் மாமா போய்விட்டார்.

அத்தை அந்த நர்சிங் ஹோம் மேல் வழக்குப் போட்டிருக்கிறாள். காசுக்கு ஆசைப்பட்டு அலைகிறாள் என்று சொந்தக்காரர்களே காதுபடப் பேசுகிறார்கள். அவளுக்கு வேண்டியது, அனுப்பாமல் வைத்திருந்தது தப்பு என்று ஒருவர் சொல்வது, அவ்வளவுதான். எதிர்த்தரப்போ மாமாவின் அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. நோயாளியே நன்றாக இருப்பதாகச் சொன்னார், பிறகு எதற்கு அனுப்புவது என்கிறார்கள்.

நாளை நுகர்வோர் ஆணையத்தில் என்னைக் குறுக்கு விசாரணை செய்யப் போகிறார்கள். மாமா அப்படிச் சொன்னாரா என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் வழக்கு கவிழ்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்ல நாக்கு எழவில்லை. இரண்டு வாய் சோறு கூட இறங்கவில்லை எனக்கு.

பொறுக்க முடியாமல் இன்று அத்தையிடமே போய்க் கேட்டுவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள்.

"சொன்னாருதான். சொன்னாருன்னே சொல்லு," என்றாள். "அப்போ ஃபேனு ஓடிக்கினு இருந்திச்சு, அப்பவும் அவரு சட்டை வேர்வையில தொப்பலா நனைஞ்சு கெடந்திச்சே, அதையும் சொல்லு. அந்த டாக்டருக்குக் காது கேட்டுச்சு, கண்ணு தெரியலியாடா?"