வெட்டி எறிந்த சிரிப்பு

ஒருத்தனைப் படத்திலிருந்து வெட்டிவிட்டால் அவன் பக்கத்து வீட்டிலும் இருக்க மாட்டான் என்று நம்பிய மடையன் நான்.

அவன் எங்கள் கம்பெனியில் லேத் ஓட்டுகிற டர்னர். ஓசூர் லைன் வீட்டில் எங்களுக்கு அடுத்த கதவு. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் ஆளைச் சிரிக்க வைப்பான். என் மனைவி ராயக்கோட்டைத் தெலுங்குக்காரி. மதுரைப் பக்கத்து ஆளான எனக்குத் தெலுங்கில் சோறு கேட்கத் தெரியும், அவ்வளவுதான். அவர்கள் பேச ஆரம்பித்தால் இரண்டு வாயையும் மாறி மாறிப் பார்ப்பேன்.

அந்த ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு கம்பெனிக்குப் போனோம். கையில் புது கேம்கார்டர். மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். கேமராவும் மெஷின்தானே என்று அதற்கும் வைத்தேன். கண் வைத்துப் பார்க்கிற குழியைச் சுற்றி இன்னும் தாராளமாக.

வீட்டுக் கணினியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ். ஓசியில் வந்தது, அதனால் பெருமை ஜாஸ்தி. ஒயரை மாட்டினால் கேமராவைக் கண்டுகொள்ளாது; கறுப்புத் திரையில் கட்டளை அடித்து அனுமதி கொடுத்தால்தான் மசியும். மசிந்தாலும் டேப் ஓடுகிற வேகத்தில்தான் படம் உள்ளே இறங்கும். ஆகவே முழுசையும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதாயிற்று. பூசணிக்காய் உடைத்ததிலிருந்து பொரி கொடுத்தது வரை அவன் என்னவோ தெலுங்கில் சொல்கிறான், இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். நடுநடுவே கேமராவைப் பார்க்கிறாள். புருஷன் கவனிக்கிறானா என்று பார்க்கிறாள் போல, என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணமாகி வந்த நாளாக என்னிடம் அப்படிச் சிரித்தவளில்லை.

எடிட்டிங் மென்பொருளைத் திறந்து அவன் தலை தெரிந்த துண்டையெல்லாம் வெட்டினேன். கம்பெனியில்கூட அத்தனை சுத்தமாக நான் எதையும் வெட்டியதில்லை. மிஞ்சியதைக் கேமராவுக்கே திருப்பி அனுப்பி, வேறு டேப் இல்லாததால் அதே டேப்பில் பழசின் மேலேயே பதிந்தேன். என் லினக்ஸ் மக்கர் பண்ணாமல் வேலை செய்த ஒரே நாள் அது. ஹார்ட் டிஸ்க் நிரம்பி வழிந்ததால் அதிலிருந்ததையும் அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை டிவியில் போட்டுக் காட்டினேன். மாலை போட்ட மெஷின்கள். பூசணிக்காய். மறுபடி மெஷின்கள். முடிந்ததும், "என்ன எங்க காணோம்?" என்று மனைவி கேட்டாள். அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி சொன்னேன்:

"அவன் சொன்னதுக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சியே, அதையெல்லாம் வெட்டிட்டேன்."

"உங்க கண்ணச் சுத்தி அப்பியிருந்த குங்குமத்தப் பாத்துச் சிரிச்சேன்."