சோதனைத் தாள் பழுப்பான அன்று

தேயிலைத் தோட்ட மருந்தகத்தில் டிரெஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கட்டுப் போடுவது முதல் பிரசவம் பார்ப்பது வரை எல்லா நடைமுறையும் எனக்கு அத்துப்படி. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நடைமுறை மட்டும் பழக்கமில்லை.

என் மனைவிக்கு நீரிழிவு. சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கியதால், சிறுநீரகத்தைக் காக்க பக்கத்து ஊரான ரிங்லெட்டின் கிளினிக்கில் புதிதாக ஒரு மாத்திரை கொடுத்தார்கள். சில நாள் கழித்து, பழைய தொழில் ஆசையில் அவளுடைய சிறுநீரில் சோதனைத் தாளை நனைத்துப் பார்த்தேன். சர்க்கரைக் கட்டம் அடர் பழுப்பாக மாறியது. முன்பு இப்படி இருந்ததே இல்லை.

“இது மருந்தா, விஷமா? இன்னையோட நிறுத்து!” என்று கத்தினேன்.

“சரிங்க டிரெஸ்ஸர் ஐயா,” என்றாள்.

அடுத்த முறை கிளினிக்குக் கூட்டிப் போனபோது டாக்டர் மீது குற்றப்பத்திரிகையே வாசித்தேன். அந்த இளம் பெண் டாக்டர் சிரித்துவிட்டார்.

“அங்கிள், ரத்தத்துல உள்ள சர்க்கரைய சிறுநீர்ல வெளியேத்துறதுதான் இந்த மாத்திரையோட வேலை லா. தாள் பழுப்பானா மருந்து வேலை செய்யுது!”

அந்த மலைக்குளிரிலும் எனக்கு வியர்த்தது. அவளுடைய சிறுநீரகத்தைக் காக்க வந்த மருந்தை நானே பிடுங்கிவிட்டேனே!

டாக்டர் கணினியில் புதிய பரிசோதனை முடிவைப் பார்த்தார். “ஆண்ட்டி, புரதம் நல்லாக் குறைஞ்சிருக்கு!”

நான் திகைத்து மனைவியைப் பார்த்தேன்.

“நான் நிறுத்தவே இல்ல. நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க. இவங்க இன்னும் வேலையில இருக்காங்க லா,” என்றாள்.

டாக்டர் எதிரில் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினேன். என் உத்தரவை மீறியதற்காக நான் அவளுக்கு நன்றி சொன்னது எங்கள் மணவாழ்க்கையில் அதுதான் முதல் முறை.