தாயில்லாத விரால் குஞ்சுகள்

எங்கள் காணிக்குப் பின்னால் கனகராயன் ஆறு ஓடுகிறது. ஓடுகிறது என்பது மாரிக்கு மட்டும்தான் பொருந்தும். மற்றக் காலத்தில் அது மருத மரங்களின் கீழே மடு மடுவாகத் தேங்கி நிற்கும். அப்படியொரு மடுவில்தான் அக்கா உடுப்புத் தோய்ப்பாள்.

அந்த வருடம் சித்திரை மழைக்குப் பிறகு அங்கே ஒரு விரால் சோடி குஞ்சு பொரித்திருந்தது. செந்நிறக் குஞ்சுகள் ஒரே திரளாக மேலே நகரும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். நான் கையை வைத்தால் கலங்கலுக்குள்ளிருந்து ஒரு கறுத்த தலை பாய்ந்து வரும். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். போருக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது அங்கேதான்.

ஒருநாள் காலை, குஞ்சுகள் சிதறிக் கிடந்தன. புல்லடியில் கொஞ்சம், வேரடியில் கொஞ்சம். கையை வைத்தேன். எதுவும் வரவில்லை. தவளைச் சத்தமும் இல்லை.

"நானாதான் தூண்டில் போட்டிருப்பார்," என்று அக்கா கோபப்பட்டாள். இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்து பக்கத்துக் காணியில் கச்சான் கடலை போடுகிற முஸ்லிம் அண்ணரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் வேலியடியில் நின்றார். அக்கா தண்ணீரில் நின்றபடியே கேட்டாள்.

"நானா, குஞ்சோட நிண்ட விராலைப் பிடிச்சனீங்களோ?"

"இல்லை, தங்கச்சி. குஞ்சோட நிக்கிறதை நான் தொடமாட்டன்."

என்னவென்று பார்க்க இறங்கி வந்தவர், எதிர்க்கரையைக் கண்டதும் நின்றுவிட்டார். அங்கே புல் மடங்கிக் கிடந்தது. பாரமான மூட்டையை இழுத்ததுபோல் ஒரு தடம் சேற்றில் வழவழவென்று தண்ணீர் வரை இறங்கியிருந்தது.

"தங்கச்சி, மேல வாங்கோ," என்றார் மெதுவாக. "உடுப்பை விட்டிட்டு வாங்கோ."

அக்காவுக்கு விளங்கவில்லை. மிதந்துபோன போர்வையை எட்டிப் பிடிக்கக் குனிந்தாள். நான் பாய்ந்து அவளுடைய கூந்தலைப் பிடித்து இழுத்தேன். கைக்கு அகப்பட்டது அதுதான். இருவரும் கரையில் விழுந்தோம். போர்வை நடு மடுவில் ஒருகணம் அசையாமல் நின்றது. பிறகு சுருண்டு கீழே போயிற்று.

"முதலை," என்றார் நானா.

அதிகாரிகள் வந்து முதலை பிடிக்கக் கூடு வைத்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. விரால் குஞ்சுகளை மீன்கொத்தி நாளுக்கு நாள் பொறுக்கித் தீர்த்தது. ஆவணியில் மடு அடி வரை வற்றியபோது ஊரே வந்து பார்த்தது. வெடித்த சேறு மட்டும்தான் இருந்தது. முதலை எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மாரியில் ஆறு பெருகி எங்கள் கிணற்றடி வரை வந்தது. கிணற்றடியில் படுக்கிற எங்கள் நாயை அக்கா இப்போது தான் சமைக்கிற குசினி வாசலில் கட்டி வைக்கிறாள்.