மழைக்கு எட்டாவது செருப்பு

மரவள்ளிக்கிழங்கு மாவு வெயிலில் காயும்போது ஒரு புளிச்ச வாடை வரும். மல்லசமுத்திரத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் விளங்காது. என் அம்மா அங்கே ஜவ்வரிசி செய்யும் ஒரு “சேகோ மில்”லில் களத்து வேலை பார்த்தாள். ஈர மாவைச் சிமெண்டுக் களத்தில் பரப்பி, மரப்பலகையால் கிளறிக் கிளறிக் காய வைக்க வேண்டும். முழுப்பரீட்சை லீவு முழுக்க எனக்கும் அங்கேதான் குடித்தனம்.

கண் கூசும் அந்த வெள்ளையைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. களத்து ஓரமாகக் குந்தி, விரலால் மாவில் எழுதுவேன். எழுதியதெல்லாம் சுத்தப் பிதற்றல். ஓர் ஊரில் மழைக்கு எட்டுக் கால். களத்தில் இறங்கினால் கால் சுடுகிறதென்று ஆத்தூர்ச் சந்தைக்குப் போய் எட்டுச் செருப்பு வாங்கியது. திரும்பும் வழியில் ஒன்றை நாய் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. பள்ளிக்கூடத்தில் இப்படி எழுதினால் முதுகு பழுத்துவிடும். மாவில் எழுதினால் கேட்க ஆளில்லை. அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக அப்புறம் எனக்கு எதுவும் வாய்க்கவில்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

அம்மா மூன்றாம் வகுப்புவரை படித்தவள். பலகையோடு வருகிறவள் நான் எழுதிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கிளறுவாள். கடைசியில் திரும்பி வந்து, வெறுங்காலை மாற்றி மாற்றி வைத்தபடி எழுத்துக் கூட்டிப் படிப்பாள். “இதென்ன கூத்து சாமி” என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டுத்தான் பலகையை இழுப்பாள். அதனாலேயே அந்த இடத்து மாவு மட்டும் சரியாகக் காயாமல் கட்டி தட்டிப் போக, மேஸ்திரி கண்டுபிடித்துவிட்டார். அம்மாவின் வேலை போய்விடுமோ என்று நான் நடுங்கி நிற்க, அவர் முழுவதையும் நின்று படித்தார். சிரிக்கவில்லை. மழைக்கு எதற்குச் செருப்பு, ஓர் அர்த்தம் வேண்டாமா என்று கேட்டார்.

“அர்த்தமெல்லாம் இல்லீங்க. சும்மா சிரிக்கறதுக்குங்க” என்றாள் அம்மா, தலையைக் குனிந்துகொண்டு.

நாளைக்கும் பிள்ளையைக் கூட்டி வந்தால் நீயும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். என் கதை ஏழு செருப்போடு நின்றுபோனது.

இப்போது அந்தக் களத்தில் வீட்டுமனைக் கல் நட்டிருக்கிறார்கள். அம்மா நாமக்கல்லில் என்னோடு இருக்கிறாள்; ஞாபகம் பிசகிவிட்டது. செத்துப்போன அப்பாவுக்குச் சோறு எடுத்து வைக்கச் சொல்கிறாள், காலையில் தின்ற இட்லியைத் தின்னவே இல்லை என்கிறாள். வேலைக்கும் போய்வந்து, அப்பா இல்லையம்மா, இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை அம்மா என்று திருத்தித் திருத்தி நான் ஓய்ந்துவிட்டேன். திருத்தும்போதெல்லாம் அவள் முகம் சுண்டிப்போகும். கொஞ்சம் கொஞ்சமாக என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள். மற்றதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம், இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போன வாரம் ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

“அதுக்கு இன்னொரு செருப்புக் கெடச்சுதா சாமி?”

இந்தத் தடவை நான் திருத்தவில்லை. “இன்னும் இல்லம்மா. சந்தைல தேடீட்டுத்தான் இருக்குது” என்றேன்.

“ஒத்தச் செருப்பு எவன் விப்பான்? சோடியாத்தான் வாங்கோணும்.” கொஞ்சம் யோசித்தாள். “மிச்சமாகற ஒண்ண எனக்குக் குடுக்கச் சொல்லு. காலு சுடுது.”

கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. இல்லாத செருப்பை எடுத்து அந்தக் காலில் மாட்டிவிட்டேன்.

“இப்பச் சுடுதாம்மா?”

“இல்ல சாமி” என்றவள், இன்னொரு காலையும் நீட்டினாள்.