ஆறு கால், ஆறு திருகாணி

வினோதாவுக்கு இருபத்தேழு வயது. கடைசி மூன்று வருடங்கள் ஒரு ரோபோவின் ஆறு கால்களுக்குப் போய்விட்டன.

அந்த ரோபோவுக்குள் கணினி கிடையாது. கரப்பொத்தான் பூச்சி நடக்கும்போது அதன் நரம்புகள் முறைவைத்துத் துடிக்கின்றன. ஒன்று எழுந்தால் பக்கத்தது அடங்கும். அதே ஒழுங்கை வினோதா ட்ரான்சிஸ்டர்களால் கட்டினாள். காலுக்கொரு மின்சுற்று, சுற்றுக்கொரு சின்னத் திருகாணி. அதை மயிரிழை திருப்பினால் அந்தக் காலின் தாளம் மாறும். ஆறும் ஒத்துப்போகும் இடத்தை அவள் கண்ணால் பார்த்துப் பார்த்தே பிடித்தாள். பல்கலைக்கழக ஆய்வுகூடம் வேலைநிறுத்தத்தால் பூட்டிக் கிடந்ததால், கடைசி வேலைகள் எழுவைதீவில் வீட்டு மேசையில் நடந்தன. புதன்கிழமை ரோபோ நேராக நடந்தது.

வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்தில் நேர்காணல். அங்கும் நடந்துகாட்டினால் மேற்படிப்புக்கு உதவித்தொகை. இருந்தது ஒரே ஒரு இடம்.

தகப்பன் இன்னாசித்தம்பி படகு எஞ்சின் திருத்துபவர். வள்ளத்தில் ஏறும் எந்தப் பொருளுக்கும் அந்தத் தீவில் முதலில் ஸ்குறூ இறுக்கிக் கிறீஸ் பூசுவார்கள். உப்புக்காற்று எதையும் விடாது.

வெள்ளி காலை வினோதா கடைசியாக ஒருமுறை சுவிட்சைப் போட்டாள். ஆறு கால்களும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நடுங்கின.

“அப்பா, இதை ஆர் தொட்டது?”

“நான்தான் பிள்ளை. ஸ்குறூ எல்லாம் அரைவாசியிலை நிண்டது. இறுக்கிக் கிறீசும் வைச்சனான். கடலுக்கை கழண்டு விழுந்தால் ஆரிட்டைக் கேக்கிறது?”

“அது இறுக்கிற ஸ்குறூ இல்லை. நடையே அதிலைதான் இருக்குது.”

“அப்ப திருப்பித் தளர்த்தினால் சரிதானே?”

“எவ்வளவெண்டு எனக்கே தெரியாது அப்பா.”

குசினியிலிருந்து தாய் மரியமுத்து சொன்னாள்: “கரப்பொத்தானை அடிக்கத்தான் எல்லாரும் மருந்து வாங்குகினம். இவள் நடக்க வைக்கிறாள்.”

வினோதா நேர்காணல் ஒழுங்கமைப்பாளருக்குப் போன் எடுத்தாள்.

“வந்த ஆக்கள் பின்னேரம் கொழும்புக்குத் திரும்பிறாங்கள். தள்ளிவைக்க ஏலாது. உள்ளதைக் கொண்டு வாரும்.”

மண்ணெண்ணெய்த் துணியால் கிறீசைத் துடைத்தாள். ஊர்காவற்றுறை வரை வள்ளத்தில் ரோபோப் பெட்டியை மடியில் வைத்துத் திருகாணிகளைத் திருப்பினாள். பிறகு பஸ்ஸிலும் திருப்பினாள். குலுக்கலில் எந்தக் கால் தானாக ஆடுகிறது, எது குழியால் ஆடுகிறது என்று தெரியவில்லை.

நேர்காணல் மேசையில் இடப்பக்கக் கால்கள் நடந்தன, வலப்பக்கக் கால்கள் நின்றன. ரோபோ நின்ற இடத்திலேயே சுற்றியது.

“நேராக நடக்கும் எண்டு எழுதியிருக்கிறீர்” என்றார் பரிசோதகர்.

“முந்தநாள் நடந்தது, சேர்.”

“முந்தநாள் நாங்கள் இங்கை இல்லையே.”

ஸ்குறூவின் கதையை அவள் சொல்லவில்லை. யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

மாலையில் தீவின் இறங்குதுறையில் தகப்பன் நின்றார். “நடந்ததோ?”

“வட்டமாய்.”

அவர் பெட்டியை வாங்கக் கை நீட்டினார். வினோதா கொடுக்கவில்லை.

உதவித்தொகை வேறொருவருக்குப் போனது. அடுத்த நேர்காணல் வரும் ஆவணியில். வலது முன்காலிலிருந்து அவள் மறுபடி தொடங்கியிருக்கிறாள்.