கழுத்தில் ஒரு பீங்கான் வில்லை

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் ஒரு கத்தோலிக்கப் பங்குப் பள்ளியில் நான் தமிழாசிரியை. வெள்ளைக்காரச் சாமியார் ஆரம்பித்த பள்ளி. அந்த வருடம் நூற்றாண்டு விழா. அது முடிந்ததும் தமிழ் வழி வகுப்புகளை மூடிவிட்டு முழுக்க இங்கிலீஷ் மீடியமாக்கப் போவதாகப் பேச்சு அடிபட்டது. கம்மாபுரம் பக்கமிருந்து பஸ் பிடித்து வரும் என் வகுப்புப் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று எனக்குக் கவலை.

விழா மலருக்குப் பள்ளியின் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பீரோவில் கிடந்த பழைய பதிவேடுகளைத் தும்மிக்கொண்டே படித்தேன். அந்தச் சாமியார் தமிழ் கற்றுத் தமிழிலேயே பிரசங்கம் வைத்தவர். ஆனால் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தால்தான் அரசாங்க மானியம் என்று ஸ்கூல் இன்ஸ்பெக்டர் துரை கறாராகச் சொல்லிவிட்டார். உடனே ஒரு விதி வந்தது. தமிழ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடுவார்கள். தமிழ் பேசும் இன்னொரு பிள்ளையைப் பிடித்தால் அதன் கழுத்துக்கு மாற்றிவிடலாம். சாயங்காலம் யாரிடம் இருக்கிறதோ அந்தப் பிள்ளை முட்டி போட வேண்டும்.

அப்படியே எழுதினேன். படிப்பவர்களுக்கு வெட்கம் வரும், தமிழ் வகுப்பில் கை வைக்க யோசிப்பார்கள் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தலைமை ஆசிரியையான கன்னியாஸ்திரி படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

“ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க டீச்சர். அந்தக் காலத்துலயே எவ்ளோ டிசிப்ளின் பாருங்க! நாமளும் இத திரும்பக் கொண்டாந்துடலாம்.”

“அது தப்புன்னு சொல்லத்தான் எழுதுனேன் சிஸ்டர்.”

“புள்ளைக்கு இங்கிலீஷு வரலன்னு பேரண்ட்ஸு வந்து சண்ட போடறாங்க. அவங்களுக்கு நீங்க பதில் சொல்றீங்களா?”

என் மகளையே நான் அங்கே இங்கிலீஷ் மீடியத்தில்தான் சேர்த்திருந்தேன்.

பீங்கானுக்குப் பேர்போன நம்மூரில் மரம் எதற்கு என்று, ஃபியூஸ் கட்டை செய்யும் சூளையில் சொல்லி வகுப்புக்கு ஒன்றாகப் பீங்கான் வில்லைகள் வாங்கினார்கள். வெள்ளை வெளேரென்று அழகாகவே இருந்தன. ஜூன் மாதம் தமிழ் வழியில் புதிதாக யாரையும் சேர்க்கவில்லை.

ஒரு மத்தியானம் வராந்தாவில் எதிரே வந்த மகளிடம், “சாப்டியாடி?” என்று கேட்டுவிட்டேன். “சாப்ட்டேம்மா” என்றாள். பின்னால் வந்த சிறுமி தன் கழுத்து வில்லையைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டு ஓடினாள். முதலில் பேசியது நான். டீச்சர் என்பதால் எனக்கு யாரும் மாட்டவில்லை.

சாயங்காலம்வரை என் மகள் யாரையும் பிடித்துக் கொடுக்கவில்லை. முட்டி போட்டாள். ஸ்டாஃப் ரூம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே இருந்தேன். போய் எழுப்பவில்லை. அந்தக் கோழைத்தனத்துக்காக இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள்:

“இனிமே ஸ்கூல்ல என்கிட்ட பேசாதம்மா.”

தலையை மட்டும் ஆட்டினேன்.