நான் எடுக்காத அழைப்பு

இந்த மாத டெலிபோன் பில்லில், மாத்தறைக்கு நான்கு நிமிட அழைப்பு ஒன்று இருந்தது. மாத்தறையில் எனக்கு யாரையும் தெரியாது. வீட்டிலும் என்னைத் தவிர ஒருவருமில்லை.

அந்த நாட்களில் வெள்ளவத்தையில், இதே வீட்டில், ஏழு பேர் இருந்தோம். டெலிபோனுக்குப் பக்கத்தில் நூலில் கட்டிய கொப்பி தொங்கும். வெளியே எடுக்கும் அழைப்பையெல்லாம் அதில் எழுத வேண்டும். பில் வந்தால் அப்பா இரண்டையும் சாப்பாட்டு மேசையில் விரித்து, அடிமட்டம் வைத்து வரிவரியாகப் பார்ப்பார். ஒருமுறை கொப்பியில் இல்லாத கண்டி அழைப்பு ஒன்று பில்லில் வந்தது.

"பிழையாப் போட்டிருக்கிறாங்கள். நாளைக்கு டெலிபோன் ஒஃபிசுக்குப் போய், அது ஆரின்ர நம்பர் எண்டு கேக்கிறன்."

அக்காவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அவள் கண்டியில் ஒருவரை விரும்புவது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"நான்தான் எடுத்தனான், அப்பா" என்றேன் நான்.

"நீயோ? வீட்டிலயே வாய் திறக்கமாட்டாய், கண்டியில ஆரோட கதைச்சனி?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் அக்காவை ஒருமுறை பார்த்தார். பிறகு கொப்பியில் 'பில் பிழை' என்று எழுதி மூடிவைத்தார். ஒஃபிசுக்குப் போகவேயில்லை.

இன்று முறைப்பாடு சொல்ல நம்பரை அழுத்தினேன். மறுமுனையில் ஒரு பெண்பிள்ளை கேட்டாள்.

"வீட்டில வேற ஆரும் எடுத்திருப்பினமோ, மேடம்?"

முன்பு கொப்பி தொங்கிய இடத்தைப் பார்த்தேன்.

"ஓம் பிள்ளை, எடுத்திருப்பினம்" என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டேன்.